மைக்கேல் ஷ்வார்ட்ஸ்

மைக்கேல் ஷ்வார்ட்ஸ் (ஜூன் 9, 1909 – ஆகஸ்ட் 4, 2000) போலந்தில் பிறந்து, பாலத்தீனம், இங்கிலாந்து, ஐக்கிய அமெரிக்கா ஆகிய நாடுகளில் பணியாற்றிய வேதியியலாளர் ஆவார். பாலிமர் என்று பரவலாக அறியப்படும் பலபடிகளின் வேதியியலில், சங்கிலி வளர்ந்து முடிந்த பின்னும் அதன் முனை வினைத்திறன் இழக்காமல் நிலைத்திருக்கும் வாழும் பலபடியாக்கலை 1956 ஆம் ஆண்டு தெளிவாக நிறுவியவர் இவரே. ஒரு வகை ஒருபடியின் தொடருக்குப் பின் வேறொரு வகை ஒருபடியின் தொடரை அதே சங்கிலியில் விரும்பிய நீளத்தில் இணைத்துத் தொகுதி இணைபலபடிகளை உருவாக்கும் வழி இக்கண்டுபிடிப்பால் திறந்தது. செருப்பின் அடிப்பாகம், ஒட்டும் பசைகள், சாலைத் தார்க் கலவை, மருந்து பூசிய இதயக்குழாய்த் தாங்கி போன்ற பலவற்றில் இத்தகைய பொருள்கள் பயன்பட்டுள்ளன.

இளமையும் கல்வியும்

ஷ்வார்ட்ஸ் அன்றைய உருசியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த பென்ஜின் என்னும் போலந்து நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். வார்சா தொழில்நுட்பக் கல்லூரியில் வேதிப் பொறியியல் பயின்று 1932 இல் பட்டம் பெற்றார். 1935 இல், பிரித்தானிய ஆணையாட்சியில் இருந்த பாலத்தீனத்துக்குக் குடிபெயர்ந்தார். எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் கரிம வேதியியலில் ஆய்வு செய்து 1942 இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அவர் பிறந்த பென்ஜின், யூதர்கள் பெருந்தொகையாக வாழ்ந்த நகரம். இரண்டாம் உலகப் போரின்போது நாட்சிகள் அங்கிருந்த யூதர்களை ஒதுக்குக் குடியிருப்பில் அடைத்து, 1943 ஆகஸ்டில் அக்குடியிருப்பை அழித்தனர்; அங்கு எஞ்சியிருந்தோரில் பெரும்பாலோர் ஆசுவிட்சு வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். ஷ்வார்ட்ஸ் போலந்தை விட்டு வெளியேறி அப்போது எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மான்செஸ்டர் ஆண்டுகள்

1945 இல் ஷ்வார்ட்ஸ் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, வேதிவினை வேகவியலில் பெயர்பெற்ற மைக்கேல் போலானியின் ஆய்வுக்குழுவில் சேர்ந்தார். கரிம வேதியியலில் ஏற்கெனவே முனைவர் பட்டம் பெற்றிருந்த அவர், இங்கு இயற்பிய வேதியியலில் இரண்டாவது முனைவர் பட்டத்தை 1947 இலும், அறிவியல் மேதகைப் பட்டத்தை 1949 இலும் பெற்றார்.

மான்செஸ்டரில் அவர் எடுத்துக்கொண்ட பொருள், மூலக்கூறில் உள்ள ஒரு குறிப்பிட்ட பிணைப்பை உடைக்கத் தேவையான ஆற்றலை அளவிடுவது. மூலக்கூறை வெப்பத்தால் உடைத்தால் தனி உறுப்புகள் என்னும் நிலையற்ற துண்டுகள் தோன்றும். இவை அருகிலுள்ள மூலக்கூறுகளைத் தாக்கிப் பல துணைவினைகளை உண்டாக்குவதால், முதலில் உடைந்த பிணைப்பு எவ்வளவு வேகத்தில் உடைந்தது என அறிவது கடினம். இதற்கு ஷ்வார்ட்ஸ் ஓர் எளிய வழி கண்டார். ஆய்வுக்குரிய சேர்மத்தை மிகுதியான தொலுயீன் ஆவியுடன் கலந்து சூடான குழாய் வழியே செலுத்தினார். தோன்றும் தனி உறுப்புகள் உடனே தொலுயீனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்து அடங்கிவிடும். மீதமாகும் பென்சைல் உறுப்பு அதிக வினைத்திறன் அற்றது. அது தன் போன்ற மற்றொன்றுடன் இணைந்து டைபென்சைல் என்னும் சேர்மமாகும். இம்முறை தொலுயீன் ஊர்தி முறை எனப் பெயர் பெற்றது.

இம்முறையில் கிடைத்த அளவுகள் அனைத்தும் நிலைக்கவில்லை. தொலுயீனின் பக்கக் கிளையிலுள்ள கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புக்கு அவர் தந்த மதிப்பு மோலுக்கு 77.5 கிலோகலோரி. பிற்காலத்து அளவீடுகள் இது ஏறத்தாழ 90 கிலோகலோரி எனக் காட்டின. எனினும், தனி உறுப்புகளைப் பிடித்து அடக்கி முதல்நிலை வினையை மட்டும் பிரித்தறியும் அணுகுமுறை அத்துறையில் பலராலும் பின்பற்றப்பட்டது.

பாரைலீன்

இதே ஆய்வின் தொடர்ச்சியாக 1947 இல் எதிர்பாராத ஒரு விளைவு கிட்டியது. பாரா-சைலீன் ஆவியை மிக உயர்ந்த வெப்பநிலையில் செலுத்தியபோது, குழாயின் குளிர்ந்த பகுதியில் மெல்லிய படலம் ஒன்று படிந்தது. பாரா-சைலீனின் இரு முனைகளிலும் ஒவ்வொரு ஹைட்ரஜன் நீங்கிப் பாரா-சைலைலீன் என்னும் வினைமிகு மூலக்கூறு உருவாகிறது என்றும், அது குளிர்ந்த பரப்பில் படியும்போது தானே ஒன்றோடொன்று இணைந்து பலபடியாகிறது என்றும் ஷ்வார்ட்ஸ் முடிவு செய்தார். சூடான ஆவியை அயோடினுடன் வினைபுரியச் செய்தபோது பாரா-சைலைலீன் டை அயோடைடு கிடைத்தது இம்முடிவை உறுதிப்படுத்தியது.

ஆய்வகத்தில் இது விந்தையாகவே இருந்தது. விளைச்சல் குறைவாகவும், படலம் தூய்மையற்றும் இருந்ததால் தொழிலில் பயன்படுத்த இயலவில்லை. பின்னர் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் வில்லியம் கோரம், பாரா-சைலைலீன் இரண்டு இணைந்த வளைய மூலக்கூறைத் தொடக்கப் பொருளாகக் கொண்டு, 550 பாகை செல்சியசுக்கு மேல் வெற்றிடத்தில் அதை உடைக்கும் தூய வழியைக் கண்டார். 1965 இல் பாரைலீன் என்னும் பெயரில் இப்பூச்சு விற்பனைக்கு வந்தது. கரைப்பான் ஏதுமின்றி ஆவியிலிருந்தே படிவதால் மிக நுண்ணிய இடுக்குகளிலும் சீராகப் பரவும். மின்னணுச் சுற்றுப்பலகைகளையும் உடலினுள் பொருத்தும் மருத்துவக் கருவிகளையும் ஈரத்திலிருந்து காக்க இது பயன்படுகிறது.

சிரக்கூசுக்கு வருகை

1952 இல் ஷ்வார்ட்ஸ் ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்று, நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிரக்கூசு வனவியல் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார். வனவியல் கல்லூரிக்கும் பலபடி வேதியியலுக்கும் உள்ள தொடர்பு முதற்பார்வையில் விளங்காது. ஆனால் மரத்தின் பெரும்பகுதியான செல்லுலோசும் லிக்னினும் இயற்கைப் பலபடிகளே.

இங்கு முதலில் அவர் மெத்தில் உறுப்புகள் வெவ்வேறு மூலக்கூறுகளுடன் இணையும் நாட்டத்தை அளந்து வந்தார். இவ்வாய்வில் அவருடன் பணியாற்றியவர் மோஷே லெவி. லெவியும், ரால்ஃப் மில்கோவிச் என்னும் ஆய்வாளரும் அடுத்த கட்டக் கண்டுபிடிப்பில் பங்குபெற்றனர்.

வாழும் பலபடிகள்

பின்னணி

சங்கிலிப் பலபடியாக்கல் மூன்று படிகளில் நிகழ்வதாக அன்றைய பாடநூல்கள் விளக்கின: தொடக்கம், வளர்ச்சி, முடிவு. தனி உறுப்புகளால் வளரும் சங்கிலியில் முடிவு தவிர்க்க இயலாதது. வளரும் இரு முனைகள் சந்தித்தால் அவை ஒன்றோடொன்று இணைந்து இரண்டும் வினைத்திறன் இழக்கும். கலவையில் சங்கிலிகள் வெவ்வேறு நேரங்களில் தோன்றி வெவ்வேறு நேரங்களில் முடிவதால், அவற்றின் நீளங்கள் பெரிதும் வேறுபடும். ஒரு சங்கிலியின் வாழ்நாள் மிகக் குறுகியது ஆதலால், பாதி வழியில் ஒருபடியை மாற்றி அதே சங்கிலியைத் தொடரவும் இயலாது.

இதற்கு மாறான குறிப்புகள் முன்னரே இருந்தன. செருமானிய வேதியியலாளர் கார்ல் சீக்லர் 1920களின் இறுதியில், கார உலோகங்களின் துணையுடன் பியூட்டாடையீன், ஸ்டைரீன் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்வதை ஆராய்ந்திருந்தார். முடிவு வினை இல்லாமல் எல்லாச் சங்கிலிகளும் ஒரே நேரத்தில் வளர்ந்தால் அவற்றின் நீளப் பரவல் மிகக் குறுகியதாக இருக்கும் என்று பால் ஃபுளோரி 1940 இல் கணக்கிட்டுக் காட்டினார். ஆனால் சிதறிக் கிடந்த இக்கருத்துகளை ஒன்றிணைத்து, முடிவற்ற சங்கிலி வளர்ச்சியை ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பித்து, அதன் பயனை எடுத்துரைக்கும் பணி எஞ்சியிருந்தது.

சோதனை

சாமுவேல் வைசுமன் என்னும் வேதியியலாளர், நாப்தலீன் ஒரு மிகை எலக்ட்ரானை ஏற்று உண்டாகும் எதிர்மின் உறுப்பிலிருந்து அந்த எலக்ட்ரான் வேறு அரோமாட்டிக் மூலக்கூறுகளுக்குத் தாவுவதை ஆராய்ந்து வந்தார். அவருடன் உரையாடியபோது, ஸ்டைரீனுக்கும் இவ்வாறு எலக்ட்ரானை மாற்ற முடியுமா என ஷ்வார்ட்ஸ் வினவினார். ஸ்டைரீன் பலபடியாகிவிடுவதால் அது தமது ஆய்வுக்கு உதவாது என்பது வைசுமனின் விடை. ஒருவருக்குத் தடையாகத் தோன்றிய அதுவே மற்றவருக்கு ஆய்வுப் பொருளாயிற்று.

சோடியமும் நாப்தலீனும் டெட்ராஹைட்ரோஃபியூரான் கரைப்பானில் சேர்ந்தால் கரும்பச்சைக் கரைசல் கிடைக்கும். காற்றும் ஈரமும் முற்றிலும் நீக்கப்பட்ட கண்ணாடிக் கலத்தில், இக்கரைசலுடன் தூய ஸ்டைரீனைச் சேர்த்தபோது பச்சை நிறம் உடனே மறைந்து செர்ரிப் பழச் சிவப்பாக மாறியது. சிறிது நேரத்திலேயே ஸ்டைரீன் முழுவதும் பலபடியானது. ஆனால் சிவப்பு நிறம் மறையவில்லை. மேலும் ஸ்டைரீனைச் சேர்த்தபோது கரைசலின் பாகுநிலை உயர்ந்தது. புதிய சங்கிலிகள் தோன்றாமல் பழைய சங்கிலிகளே நீண்டன என்பதற்கு இது சான்று. இரண்டாம் முறை ஸ்டைரீனுக்குப் பதிலாக ஐசோப்ரீனைச் சேர்த்தபோது, பாலிஸ்டைரீனின் தொடர்ச்சியாகப் பாலிஐசோப்ரீன் வளர்ந்தது.

இதன் பொறிமுறையை ஷ்வார்ட்ஸ் பின்வருமாறு விளக்கினார். நாப்தலீனின் மிகை எலக்ட்ரான் ஸ்டைரீனுக்குத் தாவி, ஒரு முனையில் எதிர்மின்னும் மறுமுனையில் தனி எலக்ட்ரானும் உள்ள உறுப்பை உண்டாக்குகிறது. இத்தகைய இரண்டு உறுப்புகள் தனி எலக்ட்ரான் உள்ள முனைகளால் இணைகின்றன. விளைவது இரு முனைகளிலும் எதிர்மின் கொண்ட மூலக்கூறு. அதன் இரு முனைகளிலும் ஸ்டைரீன் தொடர்ந்து சேர்கிறது. ஒரே வகை மின்னூட்டம் கொண்ட முனைகள் ஒன்றையொன்று விலக்குவதால், தனி உறுப்புகளைப் போல இணைந்து அழிவதில்லை. நீர், காற்று, கார்பன் டை ஆக்சைடு போன்ற வேற்றுப்பொருள் நுழையும்வரை அவை ஒருபடிக்காகக் காத்திருக்கும்.

ஷ்வார்ட்ஸ், லெவி, மில்கோவிச் ஆகியோரின் குறுங்கட்டுரை 1956 இல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. தொகுதிப் பலபடிகளை உருவாக்கும் புதிய முறை என்பது அக்கட்டுரைத் தலைப்பின் ஒரு பகுதி. பயன் எங்குள்ளது என்பதை ஆசிரியர்கள் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர். அதே ஆண்டு நேச்சர் இதழில் ஷ்வார்ட்ஸ் தனியாக எழுதிய கட்டுரையில் வாழும் பலபடிகள் என்னும் பெயர் தலைப்பாக அமைந்தது.

நீளத்தைக் கணக்கிடுதல்

முடிவு வினை இல்லாததாலும், தொடக்கம் விரைவாக நிகழ்வதாலும், சங்கிலியின் சராசரி நீளத்தை முன்கூட்டியே கணக்கிடலாம். ஒரு முனை மட்டும் வளரும் தொடக்கியை எடுத்துக்கொண்டால், 1 மோல் தொடக்கிக்கு 100 மோல் ஸ்டைரீன் சேர்க்கும்போது ஒவ்வொரு சங்கிலியிலும் சராசரியாக 100 ஸ்டைரீன் அலகுகள் இருக்கும். ஸ்டைரீனின் மூலக்கூறு நிறை 104 என்பதால், சங்கிலியின் நிறை ஏறத்தாழ 10,400 ஆகும். சோடியம்–நாப்தலீன் முறையில் இரண்டு தொடக்கி மூலக்கூறுகள் சேர்ந்து ஒரு சங்கிலியைத் தருவதால், அதே அளவுகளுக்குச் சங்கிலியின் நீளம் இரு மடங்காகும்.

தூய்மை இங்கு இன்றியமையாதது. 10.4 கிராம் ஸ்டைரீனிலிருந்து 1,00,000 நிறையுள்ள, ஒரு முனை வளரும் சங்கிலிகளை உருவாக்க வேண்டுமெனில் மொத்தம் 0.0001 மோல் முனைகளே தேவை. அவை அனைத்தையும் அழிக்க ஏறத்தாழ 2 மில்லிகிராம் நீர் போதும். இதனால்தான் இத்துறை ஆய்வாளர்கள் மூடிய கண்ணாடிக் கலங்களையும் வெற்றிடக் குழாய் அமைப்புகளையும் நாடினர்.

தொகுதி இணைபலபடிகள்

இரு வகை ஒருபடிகளைக் கலந்து பலபடியாக்கினால், அவை சங்கிலியில் பெரும்பாலும் ஒழுங்கின்றிக் கலந்திருக்கும். தொகுதி இணைபலபடியில் ஒவ்வொரு வகையும் தனித்தனி நீண்ட தொகுதியாக அமைகிறது. வாழும் முறையில் இதை உருவாக்க முதல் ஒருபடி தீர்ந்த பின் இரண்டாவதைச் சேர்த்தால் போதும். ஷ்வார்ட்ஸ் குழுவின் முறையில் சங்கிலி இரு முனைகளிலும் வளர்வதால், ஸ்டைரீனுக்குப் பின் ஐசோப்ரீன் சேர்த்தால் நடுவில் பாலிஸ்டைரீனும் இருபுறமும் பாலிஐசோப்ரீனும் கொண்ட முத்தொகுதிச் சங்கிலி கிடைக்கும்.

சேர்க்கும் வரிசை எப்போதும் விருப்பம்போல் அமைவதில்லை. புதிய ஒருபடியைத் தாக்கும் அளவுக்குப் பழைய முனைக்கு வினைத்திறன் இருக்க வேண்டும். பாலிஸ்டைரீன் எதிர்மின் முனை மெத்தில் மெத்தாக்ரிலேட்டைத் தொடங்கி வைக்கும். ஆனால் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட்டின் முனை வினைத்திறன் குறைந்தது என்பதால் ஸ்டைரீனைத் தொடங்காது. கடைசியில் முனையை எதைக் கொண்டு அடக்குவது என்பதும் ஆய்வாளரின் தேர்வே. கார்பன் டை ஆக்சைடு சேர்த்துப் பின் அமிலமிட்டால் முனையில் கார்பாக்சிலிக் அமிலத் தொகுதியும், எத்திலீன் ஆக்சைடு சேர்த்தால் ஆல்ககால் தொகுதியும் அமையும்.

பாலிஸ்டைரீனும் பாலிபியூட்டாடையீனும் எண்ணெயும் நீரும் போல ஒன்றுடன் ஒன்று கலவா. ஆனால் ஒரே சங்கிலியில் பிணைக்கப்பட்டிருப்பதால் அவை முழுமையாகப் பிரியவும் இயலாது. எனவே சில பத்து நானோமீட்டர் அளவுள்ள நுண் பகுதிகளாக ஒதுங்குகின்றன. ஸ்டைரீன்–பியூட்டாடையீன்–ஸ்டைரீன் முத்தொகுதியில், கடினமான பாலிஸ்டைரீன் உருண்டைகள் முடிச்சுகளாக நின்று இடையிலுள்ள இரப்பர்ச் சங்கிலிகளைக் கட்டிவைக்கின்றன. இயற்கை இரப்பரில் கந்தகம் செய்யும் பணியை இங்கு இம்முடிச்சுகள் செய்கின்றன. கந்தகப் பிணைப்பை வெப்பத்தால் எளிதில் நீக்க முடியாது. பாலிஸ்டைரீன் முடிச்சுகளோ ஏறத்தாழ 100 பாகை செல்சியசுக்கு மேல் இளகிவிடும். ஆதலால் இவ்விரப்பரை உருக்கி வார்க்கலாம், கழிவை மீண்டும் உருக்கிப் பயன்படுத்தலாம்.

சிரக்கூசில் பயின்ற மில்கோவிச் பின்னர் ஷெல் நிறுவனத்தில் பணியாற்றினார். ஜெஃப்ரி ஹோல்டனுடன் அவர் பெற்ற காப்புரிமை இவ்வகை வெப்பவிளகு இரப்பருக்கு அடிப்படையாயிற்று. 1965 இல் ஷெல் நிறுவனம் கிராட்டன் என்னும் பெயரில் இதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. லெவி இசுரேலின் வைசுமான் அறிவியல் நிறுவனத்தில் பேராசிரியரானார்.

அயனிகளும் அயனி இணைகளும்

வாழும் பலபடியின் முனை நெடுநேரம் நிலைத்திருப்பதால், அதன் வினைவேகத்தை நிதானமாக அளக்க முடிந்தது. 1960களில் ஷ்வார்ட்ஸ், ஜோகனஸ் சுமிட் முதலானோருடன் இப்பணியில் ஈடுபட்டார். கரைசலில் உள்ள முனைகள் அனைத்தும் ஒரே தன்மையுடையன அல்ல. பெரும்பாலானவை சோடியம் அயனியுடன் ஒட்டிய அயனி இணைகள்; மிகச் சில மட்டும் தனித்த அயனிகள். டெட்ராஹைட்ரோஃபியூரானில் 25 பாகை செல்சியசில், தனித்த பாலிஸ்டைரீன் எதிர்மின் அயனியின் வளர்ச்சி வேக மாறிலி ஏறத்தாழ 65,000 எனவும், சோடியம் அயனி இணையின் மாறிலி ஏறத்தாழ 80 எனவும் அளக்கப்பட்டன. அலகு, மோலுக்கு வினாடிக்கு லிட்டர். எண்ணிக்கையில் சிறுபான்மையான தனித்த அயனிகளே வளர்ச்சியின் பெரும்பகுதிக்குக் காரணமாக இருக்கக்கூடும் என்பது இதனால் புலனாயிற்று. கரைப்பானையும் உலோக அயனியையும் மாற்றும்போது வேகம் ஏன் பெரிதும் மாறுகிறது என்பதற்கும் விளக்கம் கிடைத்தது. இவ்வாய்வுகளின் பயன் பலபடி வேதியியலைத் தாண்டிக் கரிம வேதியியலிலும் உணரப்பட்டது.

பெயர் குறித்த விவாதம்

வாழும் என்னும் அடைமொழி தொடக்கத்திலிருந்தே விவாதத்துக்குள்ளானது. வாழ்வது வேறு, அழியாதிருப்பது வேறு. பாலிஸ்டைரீன் முனைகள் தூய கரைசலிலும் நாள்போக்கில் மெல்ல மாற்றமடைந்து வினைத்திறன் குன்றுவதை ஷ்வார்ட்ஸ் குழுவே ஆராய்ந்து வெளியிட்டது. பிற்காலத்தில் பலர் குறுகிய நீளப் பரவலையே வாழும் தன்மையின் அடையாளமாகக் கொண்டனர். ஷ்வார்ட்ஸ் இதை ஏற்கவில்லை. தொடக்கம் மெதுவாக நிகழ்ந்தால், முடிவு வினை இல்லாத நிலையிலும் பரவல் அகலமாகலாம். முடிவு வினையும் சங்கிலி மாற்ற வினையும் இல்லாமையே இலக்கணம் என்பது அவர் நிலைப்பாடு.

1980களில் நேர்மின் அயனி முறைகளும், 1990களில் தனி உறுப்பு முறைகளும் வாழும் முறைக்கு நெருக்கமாகக் கொண்டுவரப்பட்டன. அணு மாற்றத் தனி உறுப்புப் பலபடியாக்கல் 1995 இல் அறிவிக்கப்பட்டது. இவற்றில் முடிவு வினை முற்றிலும் நீங்குவதில்லை. முனைகள் பெரும்பாலான நேரம் உறக்க நிலையில் வைக்கப்படுவதால் அது குறைக்கப்படுகிறது. ஆகவே தனி உறுப்பு முறைகளுக்கு வாழும் என்னும் சொல்லைத் தவிர்க்குமாறு பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் 2010 இல் பரிந்துரைத்தது. முடிவு வினை இன்மை என்னும் வரையறையைக் கடுமையாகக் கொண்டால் ஷ்வார்ட்ஸின் கருத்துடன் இது ஒத்துப்போகிறது.

பிற்காலம்

1967 இல் ஷ்வார்ட்ஸ் சிரக்கூசில் பலபடி ஆய்வு மையத்தை நிறுவினார். 1979 இல் ஓய்வு பெற்றபின் கலிபோர்னியாவின் சான் டியாகோவுக்குக் குடிபெயர்ந்தார். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லோக்கர் ஹைட்ரோகார்பன் ஆய்வு நிறுவனத்துடன் தொடர்பு கொண்டிருந்தார். எண்பது வயதுக்குப் பின்னும் நூல்கள் எழுதினார். வாழும் பலபடிகள் கண்டறியப்பட்ட வரலாற்றை 1998 இல் ஒரு நீண்ட கட்டுரையாக வெளியிட்டார். 2000 ஆகஸ்ட் 4 அன்று சான் டியாகோவில் தமது 91 ஆம் வயதில் காலமானார். சிரக்கூசுக் கல்லூரியின் பலபடி ஆய்வு நிறுவனத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

விருதுகளும் சிறப்புகளும்

இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினராக 1966 இல் தேர்ந்தெடுக்கப்பட்டார். பலபடி வேதியியலுக்கான அமெரிக்க வேதியியல் சங்க விருதையும் பெற்றார். 1991 இல் உயர் தொழில்நுட்பப் பிரிவில் கியோட்டோ பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டு அடிப்படை அறிவியல் பிரிவில் வானிலையியலாளர் எட்வர்டு லாரன்சும், கலைப் பிரிவில் நாடக இயக்குநர் பீட்டர் புரூக்கும் இப்பரிசைப் பெற்றனர். பலபடி வேதியியலில் இசுட்டாடிஞ்சர் 1953 இலும், சீக்லரும் நாட்டாவும் 1963 இலும், ஃபுளோரி 1974 இலும் நோபல் பரிசு பெற்றனர். ஷ்வார்ட்ஸுக்கு அப்பரிசு கிடைக்கவில்லை.

நூல்கள்

கார்பன் எதிர்மின் அயனிகள், வாழும் பலபடிகள், எலக்ட்ரான் மாற்ற வினைகள் ஆகியவை குறித்து 1968 இல் வெளியான அவருடைய பெருநூல் இத்துறையின் அடிப்படை நூலாகக் கருதப்படுகிறது. கரிம வினைகளில் அயனிகளும் அயனி இணைகளும் பற்றிய இரு தொகுதிகளை 1972, 1974 ஆகிய ஆண்டுகளில் பதிப்பித்தார். அயனிப் பலபடியாக்கல் பற்றி மார்செல் வான் பைலனுடன் இணைந்து எழுதிய நூல் 1993 இலும், அதன் அடிப்படைகளை விளக்கும் மற்றொரு நூல் 1996 இலும் வெளிவந்தன.